இன்மை அறிக்கையில் ஓர் ஆலா

திருத்தணிக்குக் கடல் கிடையாது. ரயிலேறிக் கிழக்கே இரண்டரை மணி நேரம் போனால்தான் அலைச் சத்தம் கேட்கும். ஆனாலும் கடற்பறவை நெகிழித்தீங்குத் தடுப்பு இயக்ககத்தின் மண்டல அலுவலகம் திருத்தணியில்தான் இருந்தது. காரணம் எளியது. இயக்ககம் தொடங்கிய வருடம் கடலோர ஊர்களில் அரசுக் கட்டிடம் எதுவும் காலியாக இல்லை. திருத்தணியில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடிக் கட்டிடம் காலியாக இருந்தது. பறவைகளுக்குச் சிறகு உண்டு, கட்டிடத்துக்கு இல்லை, ஆகவே பறவைகள் வருவதே முறை என்று கோப்பில் குறிப்பெழுதிக் கையெழுத்தும் போட்டார்கள்.

நான்கு வருடமாக ஒரு பறவையும் வரவில்லை. அலுவலகம் அதற்காகச் சோர்ந்துவிடவில்லை. மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் தலைமையகத்துக்கு 'இன்மை அறிக்கை' போய்விடும். பாதிக்கப்பட்ட கடற்பறவைகள்: இல்லை. இறந்த கடற்பறவைகள்: இல்லை. இப்படி நாற்பத்தேழு அறிக்கைகள். கடலோர மண்டலங்களில் எத்தனை பாடுபட்டாலும் ஒன்றிரண்டு பறவை வயிற்றில் பாட்டில் மூடியோடு கரை ஒதுங்கி ஊழியர்களின் பெயரைக் கெடுத்தது. திருத்தணியில் அந்தக் குறையே இல்லை. 'பாதிப்பில்லா மண்டலம்' என்ற கேடயத்தை மூன்று வருடமும் திருத்தணியே வாங்கியது. நான்காவது கேடயத்தைக் கொடுக்க இயக்குநரே வெள்ளிக்கிழமை நேரில் வருவதாக இருந்தார்.

அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை புயல் அடித்தது.

பொதட்டூர்பேட்டைச் சந்திராவுக்குக் கேடயம் பற்றி ஒன்றும் தெரியாது. வீட்டு முன்கட்டில் இரண்டு விசைத்தறி போட்டு, கணவன் தணிகைமணியோடு லுங்கி நெய்கிறவள். புதன்கிழமை காலை ஊரில் கரண்ட் இல்லை. தறி நின்றுகிடந்ததால், காற்றில் பிய்ந்த தகரத்தைப் பார்க்கலாம் என்று கொல்லைக்குப் போனாள். முருங்கை மரம் சாய்ந்த இடத்தில் ஒரு பறவை கிடந்தது. முதுகு கரி மாதிரிக் கறுப்பு. நெற்றியும் வயிறும் பஞ்சு மாதிரி வெள்ளை. வால் கத்தரிக்கோல் போலப் பிரிந்திருந்தது. பச்சை நைலான் நூல் ஒன்று அதன் இடது சிறகையும் காலையும் சேர்த்துச் சுற்றி, கழுத்தை ஒரு வளையம் வளைத்து, அலகுக்குள் போயிருந்தது.

அவள் நூலில் பிழைக்கிறவள். ஒரு சிக்கைப் பார்த்தால் எது மேலே ஓடுகிறது, எது கீழே ஓடுகிறது என்று கண்ணே பிரித்துவிடும். சிறகில் இருந்த சுற்றை அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டாள். பறவை அவள் கையை மூன்று இடத்தில் கொத்தியது. அலகுக்குள் போன நூலை லேசாகத் தொட்டதும் பறவையின் உடம்பு முழுவதும் உதறிக்கொண்டது. சந்திரா கையை எடுத்துவிட்டாள்.

"பாவா, இது தொண்டைக்குள்ள எதையோ பிடிச்சிக்கினு இருக்குது. இழுத்தா கொடலே வந்துரும்."

தணிகைமணி அவளுக்கு அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்னாலும் பாவாதான், பின்னாலும் பாவாதான். அவன் எட்ட நின்று பார்த்தான்.

"நமக்கு எதுக்கு இந்த வம்பு? திருத்தணி பஸ் ஸ்டாண்டுல பெருசா பேனர் வெச்சிக்கிறான் பாரு. கடல் பறவையைக் கண்டா எங்ககிட்ட கொண்டாங்கன்னு. அங்க குடுத்துட்டு வந்துரு."

சந்திரா நூல்கண்டு வைக்கும் கூடையில் பழைய லுங்கியை விரித்து, பறவையை அதில் வைத்துப் பஸ் ஏறினாள். கண்டக்டர் கூடையைப் பார்த்தார்.

"கோழியா?"

"இல்லீங்க. ஏதோ பறவை."

"கத்துமா?"

"வாயில நூலு மாட்டிக்கினு இருக்குது."

"அப்ப சரி, உள்ள போ."

அலுவலகக் கூடத்தில் முப்பது நாற்காலி இருந்தது, யாரும் இல்லை. நாற்காலிகளின் மேலிருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. கண்காணிப்பாளர் கஜபதி ஓய்வுபெற ஒரு வருடமே பாக்கி இருந்தவர். டோக்கன் எடுத்தாயா என்று கேட்டார். டோக்கன் எந்திரத்தில் காகிதம் போட்டிருக்கவில்லை. எனவே ஒரு துண்டுச் சீட்டில் 'ஒன்று' என்று எழுதிக் கொடுத்து, அவளை உட்காரச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்து, "நம்பர் ஒண்ணு!" என்று கூப்பிட்டார். சந்திரா எழுந்து போனாள். அவர் படிவத்தை எடுத்தார்.

"பறவை கண்டெடுக்கப்பட்ட கடற்கரை?"

"கடற்கரை இல்லீங்க சார். எங்க ஊட்டுக் கொல்லைங்க. பொதட்டூர்பேட்டை."

"கொல்லைன்னு போட எடம் இல்லம்மா. நட்சத்திரக் குறி போட்டுக்குது பாரு. கட்டாயம் நிரப்பணும்." 'பொதட்டூர்பேட்டை கடற்கரை' என்று எழுதிக்கொண்டார். "கண்டெடுத்தப்போ அலை ஏறுமுகமா, இறங்குமுகமா?"

சந்திராவுக்குக் கேள்வி புரியவில்லை. தெரிந்ததைச் சொன்னாள். "கரண்ட் இல்லீங்க சார்."

"இறங்குமுகம்" என்று எழுதினார் கஜபதி. அடுத்த கட்டம் 'பாதிப்பின் தன்மை'. பேனா அங்கே வந்து நின்றது. கூடையை எட்டிப் பார்த்தார். பச்சை நூலைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த மூன்று கேடயங்களையும் பார்த்தார். படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மண்டல அலுவலர் அறைக்குள் போனார்.

மண்டல அலுவலர் விஜயராகவன் வெளியே வந்தபோது கையில் உறை மாட்டியிருந்தார். பறவையைத் தொடவில்லை. கூடையைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"அம்மா, இந்த மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. எங்கள் மண்டலத்தில் வருடம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் ஒரு கடற்பறவைகூட நெகிழியால் பாதிக்கப்பட்டதில்லை. இது தானாக நடந்ததா? இல்லை. இரவு பகல் பாராத உழைப்பு. நாங்கள் எவ்வளவு கவனமாக இருந்தால் நான்கு வருடமாக ஒரு பறவையையும் பார்க்காமல் இருந்திருப்போம், யோசித்துப் பாருங்கள்."

"ஆங், சரிங்க சார். இதுக்குத் தொண்டையில..."

"ஆகவே இது கடற்பறவையாக இருக்க வாய்ப்பில்லை."

மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். தீபா. விலங்கியல் படித்துவிட்டு ஒப்பந்தத்தில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தவள். இன்மை அறிக்கைக்கு வண்ண வரைபடம் போடுவது அவள் வேலை. நாற்பத்தேழு மாதமும் வரைபடத்தில் ஒரு நேர்கோடுதான். அதை ஒவ்வொரு மாதமும் வேறு வேறு நிறத்தில் போடுவாள். அவள் கூடைமுன் குந்தி உட்கார்ந்தாள். கண் கலங்கியது போலிருந்தது.

"சார், இது ஆலா. நடுக்கடல் ஆலா. வருஷக்கணக்கா தரையில இறங்காம பறந்துகிட்டே இருக்கும். புயல் இழுத்துக்கிட்டு வந்துடுச்சு."

"ஆலா?" என்றார் விஜயராகவன். "ஆலாய்ப் பறக்கிறான் என்று சொல்வார்கள். அது மொழிவழக்கு. வழக்கில் இருக்கிற ஒன்றைக் கூடையில் போட்டுக்கொண்டு வர முடியாது, தீபா."

உடனடியாக வகைப்பாட்டுக் குழு கூடியது. விஜயராகவன், கஜபதி, தீபா ஆகிய மூவரும் உறுப்பினர்கள். இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் அது காகம் என்று முடிவானது. தீபாவின் மாற்றுக் கருத்துக்கு மதிப்பளித்து, 'நெற்றியும் வயிறும் வெளுத்த, வால் பிளவுபட்ட, நீர்நிலை சார்ந்த காகம்' என்று எழுதினார்கள். சந்திராவிடம் சான்றிதழ் கொடுத்தார்கள். வட்ட முத்திரை நன்றாக விழுந்திருந்தது.

சந்திரா சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காக்காவே இருக்கட்டுங்க சார். காக்காவுக்கும் தொண்டைதானே?"

"காகத்தின் தொண்டை எங்கள் வரம்புக்குள் வராது" என்றார் விஜயராகவன் வருத்தத்தோடு.

வெளியே வாசலில் தீபா அவளைப் பிடித்தாள். "அக்கா, நூலை இழுத்துடாதீங்க. இருட்டா, கதகதப்பா வைங்க. தண்ணியைச் சொட்டுச் சொட்டா விடுங்க. சென்னையில ஒரு பறவை டாக்டர் இருக்காரு. நாளைக்குக் காலையில கொண்டு போங்க, நான் போன் பண்ணிச் சொல்றேன்." ஒரு காகிதத்தில் முகவரி எழுதிக் கொடுத்தாள். பிறகு தயங்கி, "ஒரு தடவை தொட்டுக்கலாமா?" என்று கேட்டாள். தொட்டாள். அது அவளையும் கொத்தியது. அவள் சந்தோஷமாக உள்ளே போனாள்.

வியாழக்கிழமை காலை சந்திரா கூடையோடு தெருமுனைக்கு வந்தபோது ஜீப் ஒன்று வந்து நின்றது. கஜபதி இறங்கினார்.

"ஏம்மா, அந்தக் கடற்பறவை எங்க?"

பின்னாலேயே வந்த தணிகைமணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நேத்து காக்கான்னு சீட்டு குடுத்தீங்களே சார்."

"அது நேத்து நெலவரம்பா."

நடந்தது இதுதான். அன்று காலை தலைமையகத்திலிருந்து தகவல் வந்திருந்தது. இயக்குநர் கேடயம் கொடுப்பதோடு, நெகிழியில் சிக்கிய ஒரு கடற்பறவையைத் தம் கையாலேயே விடுவிக்க விரும்புகிறார். ஆண்டு மலருக்கு அட்டைப்படம் வேண்டும். எந்த மண்டலத்திலாவது சிக்கிய பறவை தயார்நிலையில் உள்ளதா? கேடயத்தின் மேல் கண்ணாயிருந்த கடலோர மண்டலங்கள் எல்லாம் ஒரே குரலில் 'இன்மை' என்று பதில் அனுப்பிவிட்டன. விஜயராகவன் மட்டும் யோசித்தார். வகைப்பாட்டுக் குழுவை மறுபடி கூட்டினார். மூன்றுக்குப் பூஜ்யம் என்ற வாக்கில் காகம் கடற்பறவை ஆனது. கேடயத்துக்கும் குந்தகம் வராமல் ஒரு குறிப்பு எழுதினார்: 'பாதிப்பு இம்மண்டலத்தில் ஏற்படவில்லை. மீட்பு மட்டுமே ஏற்படவுள்ளது.' எனவே பாதிக்கப்பட்டவை இல்லை, மீட்கப்பட்டவை ஒன்று.

"டாக்டர் இருக்காருங்களா அங்க?" என்று கேட்டாள் சந்திரா.

"எல்லாரும் இருக்காங்க. நீயும் ஏறு. எல்லாரையும் கொத்துதாமே, நீதான் பிடிக்கணும்."

டாக்டர் இல்லை. டாக்டர் பணியிடம் ஒன்று காகிதத்தில் இருந்தது. நோயாளி வராததால் நிரப்பவில்லை. நோயாளி வந்துவிட்ட செய்தியை மேலே சொன்னால் கேடயம் போய்விடும். சந்திராவை ஒரு மூலையில் உட்காரவைத்து, கூடையின் மேல் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள்: 'நாளை காலை 11 மணிக்கு முன் நெகிழியை அகற்றக் கூடாது. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை.'

அலுவலகம் திருவிழாக் கோலம் பூண்டிருந்தது. 'நெகிழியை வேரறுப்போம்' என்று நாற்பதடி நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் பேனர் வந்து இறங்கியது. முந்நூறு தண்ணீர் பாட்டில் வந்தது. வாசல் வளைவுக்குப் பிளாஸ்டிக் பூமாலை வந்தது. கேடயம் குமிழிக் காகிதத்தில் ஏழு சுற்றுச் சுற்றி வந்தது. முற்றத்தில் ஒத்திகை நடந்தது. இயக்குநராகக் கஜபதி நடித்தார். பறவையாக ஒரு நாட்டுக் கோழி நடித்தது. விஜயராகவன் கடிகாரம் பார்த்து, "கோழி முகத்தில் நன்றியுணர்வு போதவில்லை" என்றார்.

மதியம் ஆனபோது ஆலா தலையைத் தூக்குவதை நிறுத்திவிட்டது. சந்திரா ஏரிக் கெண்டையைப் பொடியாக நறுக்கி அலகருகே வைத்தாள். வாங்கியது, விழுங்க முடியாமல் கீழே விட்டது. கண்ணின் மேல் வெள்ளையாக ஒரு திரை வந்து வந்து போயிற்று. இத்தனை தூரம் புயலோடு வந்த உயிர், நாற்காலியும் பேனரும் நிறைந்த இந்த இடத்தில், தன் மடிக்குப் பக்கத்தில் போய்விடுமோ என்று அவள் பயந்தாள். எழுந்து விஜயராகவனிடம் போனாள்.

"சார், நாளைக்கு வரைக்கும் இது தாங்காதுங்க."

"தாங்கத்தான் வேண்டும் அம்மா. நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது." ஒரு பிரதியை எடுத்து அவளிடமே காட்டினார். "பாருங்கள். பத்து ஐம்பதுக்குக் குத்துவிளக்கு. பதினொன்றுக்கு மீட்பு. பதினொன்று ஐந்துக்குத் தேநீர். இதில் உயிர் பிரிவதற்கு எங்கேயும் நேரம் ஒதுக்கவில்லை."

சந்திரா திரும்பி வந்து, கூடையை எடுத்துக்கொண்டு, தீபாவைப் பார்த்து, "இங்க வெளிச்சமா ஒரு ரூமு இருக்குதா?" என்றாள்.

பதிவறையில் கிழக்கு ஜன்னலும் மேற்கு ஜன்னலும் இருந்தன. இன்மை அறிக்கைக் கட்டுகளை ஒதுக்கிவிட்டு மேசையில் லுங்கியை விரித்தார்கள். சந்திரா பர்ஸிலிருந்து தறி அச்சில் இழை கோர்க்கும் கொக்கியை எடுத்தாள். தகடு மாதிரி மெல்லியது, முனை மழுங்கியது. தறிக்காரி வீட்டை விட்டு வெளியே வந்தாலும் அது கூடவே வந்துவிடும்.

"எண்ணெய் வேணும்."

மறுநாள் குத்துவிளக்குக்கு வாங்கிவைத்த நல்லெண்ணெய் இருந்தது. தீபா அதைக் கொண்டுவந்தாள். இரண்டு சொட்டு அலகுக்குள் விட்டார்கள். தீபா ஒரு கையால் சிறகைச் சேர்த்துப் பிடித்து, மறு கையால் அலகைத் திறந்து பிடித்தாள். சந்திரா நூலை இழுக்கவே இல்லை. தறியில் பாவு இழை சிக்கினால் இழுக்கிறவன் துணியைக் கெடுப்பான். எதில் சிக்கியதோ அதைத் தேடிப் போகவேண்டும். கொக்கியை நூலோடு ஒட்டி உள்ளே இறக்கினாள். எதுவோ தட்டுப்பட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முனையைத் திருப்பினாள். வழுக்கியது. மறுபடி இறக்கினாள். முற்றத்திலிருந்து, "மாண்புமிகு கோழியைக் கொண்டு வாருங்கள்" என்று ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது.

நான்காவது தடவை அது அசைந்தது. மெல்ல, ஒரு நெல் நீளம், இன்னொரு நெல் நீளம் என்று மேலே வந்து, கடைசியில் வழவழவென்று லுங்கியில் விழுந்தது. ஒரு ஷாம்பு பாக்கெட்டின் மூலை. நீல நிறப் பாட்டில் வளையம் ஒன்று. தெர்மாகோல் உருண்டை இரண்டு. எல்லாம் பச்சை நைலானில் பந்தாகச் சுருண்டிருந்தது. கட்டைவிரல் அளவுதான்.

ஆலா இருமியது. மனிதர் இருமுவது போலவே இருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரொம்ப நேரம் கழித்து அது தண்ணீர் குடித்தது. அப்புறம் ஒரு துண்டு கெண்டையை வாங்கி, தலையை ஆட்டி, விழுங்கியது. அது தொண்டையில் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது.

"போயிடுச்சு" என்றாள் தீபா. அழுதாள்.

"அழுவாத. இன்னொரு துண்டு குடு" என்றாள் சந்திரா. அவள் புடவையெல்லாம் எண்ணெய்.

விஜயராகவனுக்குச் செய்தி போனபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நெகிழியை எடுத்துவிட்டீர்களா? அப்படியானால் நாளைக்கு இயக்குநர் எதிலிருந்து மீட்பார்?" மேசையிலிருந்த பந்தைப் பார்த்தார். "அம்மா, கோபப்படக் கூடாது. இதை நாளை ஒரு மணி நேரத்துக்கு மட்டும் திரும்ப உள்ளே வைக்க முடியுமா?"

சந்திரா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "முதல்ல உங்க தொண்டையில ஒருதரம் வெச்சுப் பாருங்க சார். தாங்குதான்னு பார்த்துட்டு அதுக்கு வெக்கலாம்."

இதைக் குறிப்பில் ஏற்றவில்லை. காலில் மட்டும் புதிய நைலான் கயிற்றை லேசாகக் கட்டுவது என்று சமரசம் ஆனது. ஆனால் இயக்ககம் நெகிழி வாங்கத் தடை இருந்தது. ஒருமுறை மட்டும் பயன்படும் நெகிழிக்குத்தான் தடை என்று கஜபதி கண்டுபிடித்தார். 'இக்கயிறு குறைந்தது மூன்று முறை பயன்படுத்தப்படும்' என்று விஜயராகவன் உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டபின் கயிறு வாங்கப்பட்டது. பச்சையில் கிடைக்கவில்லை. ஆரஞ்சு.

வெள்ளிக்கிழமை காலை இயக்குநர் வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல குரல். குத்துவிளக்கில் எண்ணெய் பாதிதான் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. அவர் பேசினார்.

"கடலே இல்லாத ஊரில் கடற்பறவைக்கு அலுவலகமா என்று சிலர் ஏளனம் செய்தார்கள். இன்று அந்தப் பறவையே தேடி வந்து அவர்கள் வாயை அடைத்துவிட்டது. நெகிழி இல்லையென்றால் இந்தப் பறவைக்கு நம்மைத் தெரிந்திருக்குமா? நமக்கு அதைத் தெரிந்திருக்குமா? தீங்கு வளர வளர நம் இயக்ககம் வளர்ந்திருக்கிறது. ஐந்து மண்டலமாக இருந்தது, இன்று பதினான்கு. வரும் ஆண்டில் இருபது ஆக்குவோம் என்று இந்த மலையடிவாரத்தில் உறுதி கூறுகிறேன்."

கைதட்டினார்கள். கையில் தண்ணீர் பாட்டில் இருந்ததால் சத்தம் கொஞ்சம் மந்தமாக வந்தது.

பறவையைச் சந்திரா பிடித்திருந்தாள். ஆரஞ்சுக் கயிற்றையும் அவள்தான் கட்டியிருந்தாள். கஜபதியை அது விரலில் கொத்தியிருந்ததால் வேறு யாரும் முன்வரவில்லை. இயக்குநர் வெள்ளித் தட்டிலிருந்த கத்தரியை எடுத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்து, கயிற்றை வெட்டினார்.

"சார், கண்ணை மூடிட்டீங்க" என்றார் போட்டோக்காரர்.

மறுபடி கட்டினார்கள். மறுபடி வெட்டினார். இந்தத் தடவை விஜயராகவனின் தோள் மறைத்துவிட்டது. ஆலாவின் கால் சிவந்துபோயிருந்தது. சிறகுகளுக்கு அடியில் அதன் நெஞ்சு தறிக்கட்டை போல அடிப்பது சந்திராவின் உள்ளங்கைக்குத் தெரிந்தது. நேற்றுச் செத்துக்கொண்டிருந்த உடம்பு இல்லை இது. வலுவாக உந்தியது.

"மூணாவது தடவை. நல்லா இறுக்கிக் கட்டும்மா, படத்துல தெரியணும்" என்றார் கஜபதி.

"ஆங், கட்டிட்டேன் சார்" என்றாள் சந்திரா. அவள் போட்டது உருவு முடிச்சு. அறுந்த இழையைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கத் தறியில் போடுவது. பார்க்க இறுக்கமாக இருக்கும். நுனியைத் தொட்டால் போதும்.

இயக்குநர் கண்ணை அகலத் திறந்துகொண்டு கத்தரியை நீட்டினார். போட்டோக்காரர், "ரெடி" என்றார். சந்திரா நுனியை இழுத்துவிட்டுக் கைகளை விரித்தாள்.

ஆலா ஒருகணம் அவள் கைமேலேயே நின்றது. பிறகு இயக்குநரின் தலைக்கு மேலாகப் போய், பந்தலின் விளிம்பைத் தாண்டி, மேலே ஏறியது. மலையை ஒரு சுற்றுச் சுற்றியது. கோபுரத்துக்கு மேலே கறுப்பாக ஒரு புள்ளி. பிறகு வெயிலில் வயிறு வெள்ளையாக ஒருதரம் மின்னியது. கிழக்கே போய்விட்டது. கத்தரி காற்றை வெட்டி மூடிக்கொண்டது. படம் எடுத்தாகிவிட்டது. கூட்டம் எழுந்து நின்று தட்டியது. நிகழ்ச்சி நிரலில் அடுத்தது தேநீர் என்பதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சந்திரா காலிக் கூடையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

அடுத்த வாரம் அவளுக்கு நோட்டீஸ் வந்தது. அரசு வசமிருந்த கடற்பறவை ஒன்றை இயக்குநர் கயிற்றை வெட்டுவதற்கு முன்பே விடுவித்தது ஏன்? ஏழு நாளில் பறவையை ஒப்படைக்க வேண்டும். இயலாவிடில் அதன் தொண்டையிலிருந்து எடுத்த நெகிழியையாவது உரிய உறையிலிட்டு ஒப்படைக்க வேண்டும். பதினைந்து நாளில் இரண்டாவது நோட்டீஸ். அதற்குப் பின் ஜீப் ஒரு தடவை வீட்டு வாசலில் வந்து நின்று, கொல்லையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. தெருவில் ஜீப் சத்தம் கேட்டாலே தணிகைமணி தறியை நிறுத்திவிடுவான். "நான் அன்னிக்கே சொன்னேன், நமக்கு எதுக்கு வம்புன்னு" என்பான். சந்திராவுக்கும் உள்ளூரப் பயம்தான். ராத்திரி சாப்பாடு சரியாக இறங்கவில்லை. ஆனாலும் விட்டது தப்பென்று ஒருநாளும் தோன்றவில்லை.

தீபாவுக்கும் நோட்டீஸ் போயிருந்தது. அவளைத் தண்டித்துக் கடலோர மண்டலத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து அவள் போன் செய்தாள். பின்னால் அலைச் சத்தம் கேட்டது.

"அக்கா, தினமும் பறவையா பார்க்கிறேன். நம்ம ஆலாவை அப்புறம் யாருமே எங்கேயும் பார்க்கலை. எல்லா ஊர்லயும் கேட்டுட்டேன்."

"அய்யோ, என்ன ஆச்சோ?"

"இல்லக்கா. அது நல்ல சேதி. மனுஷங்க கண்ணுல பட்டாதான் அதுக்குக் கெட்ட சேதி." பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆண்டு மலர் வந்துடுச்சு. ஒரு பிரதி தபால்ல அனுப்பியிருக்கேன். அட்டையைப் பாருங்க" என்றாள்.

மூன்றாவது நாள் மலர் வந்தது, பாலிதீன் உறையில். அட்டையில் முழுப் பக்கப் படம். நடுவில் சந்திரா, இரண்டு கையையும் விரித்து, வாயைத் திறந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பக்கம் இயக்குநர் கண்ணை அகலத் திறந்து, கத்தரியை அவள் மணிக்கட்டுக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தார். மறுபக்கம் விஜயராகவன் கேடயத்தோடு. பறவை எங்கேயும் இல்லை. அது படத்துக்கு மேலே போய்விட்டிருந்தது. படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைத் தணிகைமணி எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"இடமிருந்து ஒன்று, இயக்குநர். இரண்டு, நெகிழியிலிருந்து மீட்கப்பட்ட கடற்பறவை. மூன்று, மண்டல அலுவலர்." நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். "சந்திரா, ரெண்டாவது நீதான்."

"கீழே இன்னா போட்டுக்குது? படி."

"உரிய சிகிச்சைக்குப் பின், அன்றே முற்பகல் பதினொன்றரை மணிக்கு, இயக்குநர் முன்னிலையில் இப்பறவை கடலில் விடப்பட்டது."

"அன்னிக்குப் பதினொன்றரைக்கு நான் பஸ் ஸ்டாண்டுல நின்னு போளி தின்னுகினு இருந்தேன் பாவா."

"அது உனக்குத் தெரியும். அச்சுல கடல்னு வந்துட்டுதே."

சந்திரா மலரை வாங்கி, அந்த வரியின் மேல் விரலை வைத்து, தானும் ஒருதரம் படித்தாள். இயக்ககத்தின் முத்திரை, தேதி, நேரம் எல்லாம் சரியாக அச்சாகியிருந்தன. அவளுக்கு மெல்ல ஒன்று விளங்கியது. முகம் மலர்ந்தது.

"கடல்ல உட்டாச்சுன்னு அவங்களே எழுதிட்டாங்க இல்ல? அப்போ இனிமே தேடிக்கினு வரமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, எழுந்து போய்த் தறியை ஓட்டினாள்.